மட்டக்களப்பில் புது புரொசஸர் வாங்கப் போறவங்க கவனம்: 154,000 ரூபா போச்சு

கூலர் பூட்டிய நிலையில் புரொசஸரைக் கையில் தருகிற கடையில் வாங்காதீர்கள். புரொசஸரின் உலோக மூடியில் உள்ள இலக்கத்தை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு அவசரமாகப் பூட்டுகிறார்கள். அந்த வேலையில் எனக்குப் போனது 154,000 ரூபா.

சாமான் இன்டெல் கோர் ஐ7 14700கே. கடை மட்டக்களப்பு டவுனுக்குள்தான், முகப்புத்தகத்தில் நாளும் விளம்பரம் போடுகிற கம்பியூட்டர் கடை. புரொசஸருக்கு 148,000, ஓவர்குளொக் செய்து தர, அதாவது கம்பனி வேகத்துக்கு மேல் ஏற்றித் தர, “ட்யூனிங்” என்று 6,000. சீல் கிழியாத பெட்டியை மேசையில் வைத்துக் காட்டினார்கள். “தம்பி, மதர்போர்டையும் கூலரையும் வச்சிட்டுப் போங்க. பின் ஒண்டு வளைஞ்சாலும் போர்ட் போயிரும். நாங்களே பூட்டி, 5.7 கிகாஹேர்ட்ஸுக்கு ஏத்தி, டெஸ்ட் பண்ணித் தாறம்.” நம்ப வைத்தது இந்தப் பேச்சுத்தான். ஏனென்றால் அதில் பொய் இல்லை: இந்தப் புரொசஸர் உட்காருகிற எல்ஜிஏ 1700 சொக்கெட்டில் 1700 பின்னும் போர்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலே ரேமில் ஒரு பகுதி காணாமல் போகலாம். பின்னேரம் போனால் எல்லாம் பூட்டி முடிந்து டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்டி வெறுமையாகப் பக்கத்தில் கிடக்கிறது.

வீட்டில் ஓடத் தொடங்கியதும் குணம் தெரிந்தது. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்கள், தொடக்கத்தில் ஷேடர் (காட்சி வரைகிற கோட்) கம்பைல் ஆகும்போதே விழுகின்றன. கிராபிக்ஸ் கார்டில் 12 ஜிபி இருக்க, “வீடியோ மெமரி போதாது” என்று செய்தி வருகிறது. பைல் சுருக்கி விரிக்கிற 7-ஜிப்பில் பெரிய பைல் விரித்தால் சிஆர்சி பிழை, அதாவது பைல் பழுது என்று வருகிறது. ரேமின் வேகத்தைக் கூட்டுகிற எக்ஸ்எம்பியை நிறுத்தி, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட்டினால் ரேமில் ஒரு குறையும் இல்லை. 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் சிப்பில் இவை சேர்ந்து வந்தால் சந்தேகம் நேரே புரொசஸர் மேல்தான். கூடிய வோல்டேஜும் சூடும் உள்ளே இருக்கிற குளொக் சுற்றைத் தேய்த்துவிடும். பிறகு அதே வேகத்துக்கு முன்பைவிடக் கூட வோல்டேஜ் கேட்கும். 2024 ஓகஸ்டில் வந்த 129 இலக்க மைக்ரோகோட் (பயோஸ் அப்டேட்டோடு வரும், சிப்புக்கான இன்டெலின் திருத்தம்), சிப் 1.55 வோல்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கிறது. செப்டெம்பரில் 12பி வந்தது. இரண்டும் நல்ல சிப்பைக் காக்கும், தேய்ந்த சிப்பைத் திருத்தாது.

போர்டின் செட்டிங் இருக்கிற பயோசுக்குள் போய்ப் பார்த்தால் 6,000 ரூபா ட்யூனிங்கின் லட்சணம்: பவர் லிமிட் 4095 வொட், எல்லாக் கோரையும் உச்ச வேகத்துக்குத் தள்ளுகிற மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் ஓன், வோல்டேஜ் கையால் 1.48, வேலை கூடும்போது வோல்டேஜ் இறங்காமல் பிடிக்கிற லோட் லைன் உச்சத்தில், மைக்ரோகோட் பழையது. இந்தச் சிப்புக்கு இன்டெல் சொல்வது 253 வொட், 307 அம்பியர். கச்சான் அடிக்கிற மாதத்தில் நம்முடைய அறைச் சூட்டில் அந்தக் கணக்குக்கு எந்தக் கூலரும் நிற்காது, புரொசஸரை முழு வேகத்தில் சோதிக்கிற சினிபெஞ்ச் தொடங்கியதுமே 100 பாகையைத் தொடும். பயோசை அப்டேட் செய்து, எல்லாவற்றையும் இன்டெல் டிபோல்டுக்குக் கொண்டுவந்தும் விழுந்தது. பி-கோர் (வேகமான கோர்) பெருக்கியை 55இலிருந்து 52க்கு, அதாவது 5.5 கிகாஹேர்ட்ஸிலிருந்து 5.2க்கு, இறக்கியதும் விழுவது நின்றது. கம்பனி வேகத்திலேயே ஓட முடியாத சிப்பைத்தான் 5.7க்கு ஏற்றித் தந்திருக்கிறார்கள்!

கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்தப் பூசுகிற பேஸ்டைத் துடைத்ததும் விசயம் வெளித்தது. புதுப் பேஸ்ட் போகாத மூடியின் ஓரத்தில், விளிம்போடு சேர்ந்து, காய்ந்து வெள்ளையாய்ப் போன பழைய பேஸ்ட். மூடியில் உள்ள பெட்ச் (தயாரிப்புத் தொகுதி) இலக்கம் எக்ஸ்337 என்று தொடங்குகிறது. இரண்டாவது எழுத்து வருடம், அடுத்த இரண்டும் வாரம்: 2023இன் 37ஆம் வாரம். பெட்டி லேபிளில் இருப்பது 2024ஆம் ஆண்டு பெட்ச். பெட்டி ஒன்று, சிப் இன்னொன்று. மூடி இலக்கத்தை இன்டெலின் வொரண்டிப் பக்கத்தில் போட்டால் இன்டெல் பெட்டியில் அடைத்து விற்ற சரக்கே அல்ல, விற்றவரிடம் போங்கள் என்று வருகிறது. இந்தத் தலைமுறைப் பெட்டிச் சரக்குக்கு இன்டெல் மூன்று வருட வொரண்டியை ஐந்தாக நீட்டியிருக்கிறது. அதுவும் போச்சு.

கடையில் சொன்னதைக் கேளுங்கள். முதல் “விண்டோஸ் திரும்ப அடிங்க தம்பி”. பிறகு “போர்ட்ல பிழை”. பிறகு “உங்கட பக்கம் கரண்ட் கூடிக் குறையிற இடம்தானே”. பிறகு “கொழும்புக்கு அனுப்பிப் பாக்கோணும்”. இலக்கம் இரண்டையும் படம் பிடித்து அனுப்பியதும் வட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும், பதில் இல்லை. நேரே போய் நின்றால் “ஓவர்குளொக் செஞ்ச சாமானுக்கு வொரண்டி இல்ல”. ஓவர்குளொக் செய்ததும் அவர்கள், அதற்கு 6,000 எடுத்ததும் அவர்கள்! பில்லில் மொடலும் இல்லை, இலக்கமும் இல்லை, “ஐ7 புரொசஸர், 350 நாள்” என்று மட்டும் கிடக்கிறது. 154,000 ரூபாவுக்கு அவ்வளவுதான் எழுத்து.

வாங்கப் போறவங்களுக்கு, அவசரமாக:

சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பேஸ்ட் போடும் முன் மூடியையும் லேபிளையும் ஒரே படத்தில் எடுங்கள். பெட்ச் இலக்கமும் தொடர் இலக்கமும் ஒத்துப்போக வேண்டும், இரண்டும் பில்லில் ஏற வேண்டும். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பி760 வகைப் போர்டில், பெயர் கே என்று முடிகிற சிப்பின் பெருக்கியை ஏற்றித் தருகிறோம் என்றால் பொய், அதற்கு இசட்690 அல்லது இசட்790 வேண்டும்.

ட்யூனிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள். முதலில் இன்டெல் டிபோல்டில் ஓட்டி, 7-ஜிப் பெஞ்ச்மார்க் பிழையில்லாமல் ஓடுகிறதா பாருங்கள்.

ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பில்லை வைத்திருங்கள். என் முறைப்பாடும் போகிறது.