காலி வீதியில் ஒரு பாமசி: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

கொழும்பு வெள்ளவத்தையில் எந்தப் பாமசிக்குப் போனாலும் அம்மாவோடு கோயிலுக்குப் போகிற மாமி ஒருவர் பனடோல் வாங்க நிற்பார். நான் முதலில் போன கடையில் (பேர் வேண்டாம்) எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள், கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மெல்ல ஆணுறை கேட்டேன். அந்த அண்ணா அதைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி உள்ளே நின்ற பெடியனுக்குச் சொல்லிவிட்டு, "தம்பி கலியாணம் கட்டிட்டீங்களோ?" என்றார். விட்டமின் சி வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் 100ஆம் இலக்க பஸ் ஏறி இரத்மலானைக்குப் போய்த்தான் ஆணுறை வாங்கினேன்.

இந்தப் பாமசியில் அது பற்பசைக்குப் பக்கத்தில், திறந்த தட்டில் இருக்கிறது. 1973இலிருந்து இருக்கும் பிரீத்தி பிராண்டும் உண்டு, வெளிநாட்டுச் சாமானும் உண்டு. ஆறுதலாக எடுத்துத் திகதி பார்க்கலாம். கவுண்டரில் இருக்கும் அக்கா சோப்புக்கு என்ன முகமோ அதே முகத்தோடு பில் போட்டு, கேட்காமலே கடதாசிப் பையில் போட்டுத் தருவார்.

இதற்கா இவ்வளவு என்று நினைக்கலாம். ஆண் பெண் உறவில் ஆணுறை பாவிப்பது பற்றிய 121 ஆய்வுகளைச் சேர்த்து 1999இல் வந்த பகுப்பாய்வில், நோயைப் பற்றிய அறிவும் பயமும் பெரிதாக வேலை செய்யவில்லை. முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பதும் துணையோடு அதைப் பற்றிக் கதைப்பதும்தான் செய்தன. சரியாக என் கதை. ஏ/எல் உயிரியல் படித்தவன், தெரியாமலா? பையில் இருந்ததை வெளியே எடுத்தால் "என்னில நம்பிக்கை இல்லையோ" என்று காதலி கேட்பாளோ என்ற பயம். கடைசியில் அவளே கேட்டாள். தான் கேட்டால் பழக்கப்பட்டவள் என்று நான் நினைப்பேனோ என்று அவளும் அவ்வளவு நாளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், அந்தத் தட்டு கண்ணாடி ஓரத்தில், கடலைப் பார்த்தபடி. பின்னேர வெயில் நேரே அடிக்கிறது, சூடு பட்டால் இறப்பர் பழுதாகும் (பர்சில் மாதக்கணக்காக வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). போன கிழமை அக்காவிடம், "ஷாம்புவை அங்க வச்சிட்டு ஆணுறையை உள்ளுக்கு எடுங்கோ, வெயில் படுது" என்று நல்ல சத்தமாகவே சொன்னேன். திரும்பினால், பனடோலோடு மாமி.