கொள்ளைநோயா, அணுகுண்டா: எதை முதலில் பார்ப்பது?

உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்களைப் பற்றிய பழைய பிபிசி நாடகங்களில் இரண்டு இன்னும் மங்கவில்லை.

‘சர்வைவர்ஸ்’ (1975–77) 38 அங்கங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம். கொள்ளைநோய் முதல் அங்கத்திலேயே வேலையை முடித்துவிடும். பிறகு வருவதெல்லாம் விதை, உப்பு, எரிபொருள், யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்ற கேள்விகள். மட்டக்களப்பில் 1978 சூறாவளியைக் கண்டவர்களுக்கும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உப்பேறிய கிணறுகளை இறைத்த அங்குள்ள கல்லடிக்காரர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து இன்னும் உப்புநீர்தான் ஏறும். இப்படியான சின்ன அறிவுதான் உயிரைக் காக்கும் என்பதை இத்தொடர் பொறுமையாகக் காட்டுகிறது. நடுவில் சில அங்கங்கள் இழுபடும், உண்மை.

‘திரெட்ஸ்’ (1984) இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் தொடங்கி, அணுகுண்டு விழுந்து 13 ஆண்டுகள் வரை போகிறது. ஆறுதலே கிடையாது, பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம்.

முதலில் ‘சர்வைவர்ஸ்’, இரவுக்கு ஓர் அங்கம். இரண்டுக்கும் டிவியில் படஅளவை 4:3 ஆக்குங்கள். அகலத்திரைக்கு இழுத்தால் முகங்கள் சப்பையாகும்.