பத்தாயப் பலகையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. ஓட்டு வீடு, நடுவில் முற்றம், சுண்ணாம்புக் காரைச் சுவர், கூடத்து மூலையில் ஒரு பத்தாயம். திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். அது கோயில் நெல்லுக்கு. வீட்டு நெல்லுக்கு எங்கள் பக்கம் மரப் பத்தாயம்தான். எங்களுடையது பலா மரம். ஏழு அடுக்கு, அடுக்குக்கு நான்கு பலகை, ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குல கனம். கழற்றி மாட்டும்போது இடம் மாறிவிடாமல் இருக்க, பலகைகளின் உள்பக்கத்தில் உளியால் தமிழ் எண்கள் வெட்டியிருக்கும். முப்பது கலம் பிடிக்கும் என்று அம்மா சொல்வாள். அறுத்த நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு அதில் பழைய பித்தளைப் பாத்திரங்கள்தான் கிடந்தன.

அந்த இருபத்தெட்டுப் பலகைகள் இப்போது எங்களிடம் இல்லை.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குக் குனிந்து நிமிர முடியவில்லை என்பதால் சமையலறையை நின்று சமைக்கும்படி மாற்ற நினைத்தேன். உள் அலங்கார நிறுவனம் ஒன்று வந்து பார்த்தது. வந்த இளைஞர் பத்தாயத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இதைச் சும்மா போட்டு வைத்திருக்கிறீர்களே! இந்தப் பலகையிலேயே சமையலறை அலமாரிக் கதவுகள் செய்துவிடலாம். வெளியே தாத்தா காலத்து மரம், உள்ளே மெதுவாக மூடிக்கொள்ளும் கீல், எஃகுக் கூடை” என்றார். நான் விழுந்துவிட்டேன். பழைய வீட்டை இடிக்க மனமில்லாத பிள்ளைகளை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சமையலறை, இரண்டு துணி அலமாரி, பூஜை அலமாரி சேர்த்து 400 சதுர அடி, சதுர அடி 1,600 ரூபாய், மொத்தம் 6,40,000. முன்பணம் பாதி, பொருள் வந்து இறங்கியதும் 40 சதவீதம், முடிந்த பிறகு மீதி. மதிப்பீட்டுத் தாளில் பத்தாயத்தைப் பற்றி ஒரே வரி: ‘பழைய மரத்தை மறுபயன்பாடு செய்தல்’. எத்தனை பலகை, எந்தக் கதவுக்கு, மிச்சம் யாருக்கு, ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. வைகாசியில் ஒரு சிறிய சரக்கு வண்டி வந்தது. பலகைகளை அறுத்து இழைக்கப் பட்டறைக்குக் கொண்டுபோகிறோம் என்று ஏற்றினார்கள். அம்மா வாசலில் நின்று எண்ணியிருக்கிறாள். ரசீது கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

ஆவணியில் வேலை முடிந்தது. புகைப்படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மா தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “ஏன்டா, கதவைத் திறந்தால் நெல் வாசனையே வரவில்லையே?” இழைத்து மெருகு பூசினால் வாசனை போய்விடும் அம்மா என்று சமாதானம் சொன்னது நான்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

தீபாவளிக்குப் போனபோதுதான் கண்ணில் பட்டது. மூன்று கதவுகளில், ஒரே உயரத்தில், ஒரே மாதிரி முடிச்சு. அருகில் ஓடும் ரேகையும் ஒன்றே. எந்த மரமும் மூன்று முறை அப்படியே வளராது. நிறுவனத்தைக் கேட்டேன். “பலகையை மெல்லிய தோலாகச் சீவி ஒட்டியிருக்கிறோம் சார், அதனால்தான் கனமில்லை” என்றார்கள். வெனீர் என்று அப்படி ஒரு முறை உண்டுதான், அதில் குற்றமில்லை. ஆனால் அது உண்மையான மரம். கும்பகோணத்திலிருந்து வந்த பழைய ஆசாரி ஒருவர் கதவின் அடி ஓரத்தை உளி முனையால் நெம்பினார். மரப்படம் அச்சடித்த லேமினேட் தாள் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் உரிந்து வந்தது. பலா மரத்தைப் புதிதாக வெட்டினால் மஞ்சளாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே அவர் காட்டிய இடத்தில் வெளுத்த பிளைவுட்தான் இருந்தது.

பலகைகள் எங்கே? “உள்ளே செல்லரித்திருந்தது, கழித்துவிட்டோம்.” பலாவை அவ்வளவு எளிதில் கரையான் அண்டாது, அப்படியே இருபத்தெட்டையும் அரித்திருந்தால் அம்மா அதில் பித்தளை அண்டாக்களை அடுக்கியிருக்க முடியுமா? கழித்ததற்குப் படம் உண்டா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பழைய மரத்துக்கு இப்போது என்ன கிராக்கி என்று காரைக்குடி பழம்பொருள் கடைத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கார்த்திகை மழையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலுள்ள பெட்டி உப்பியது. கீல் திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே ஊறிய அவல் போல மரத்தூள். எனக்குக் காட்டிய மாதிரித் துண்டில் ஐஎஸ் 710 முத்திரை இருந்தது. அது 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாமல் நிற்க வேண்டிய மெரைன் பிளைவுட். பெட்டிகளுக்குப் போட்டிருந்ததோ மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. லேமினேட் ஒட்டிவிட்டால் முத்திரை எங்கே தெரியும்? பிளைவுட் வந்து இறங்கிய அன்றே, லேமினேட் ஒட்டுவதற்கு முன், முத்திரையையும் உரிம எண்ணையும் படம் எடுத்துவிடுங்கள். எண் உண்மையா என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரிலும் கோளாறு செய்திருந்தார்கள். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். இவர்கள் மட்டம் சரியில்லை என்று காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, அதன்மேல் பெட்டிகளை இடைவெளி இல்லாமல் அறைந்திருந்தார்கள். ஓதம் போக வழியில்லாமல் பெட்டியின் முதுகுக்குள் போனது. அடிப்பெட்டிகளை நான்கு அங்குலக் கால்களில் நிறுத்தி, பின்னால் காற்றுக்கு இடம் விட்டிருக்க வேண்டும் என்றார் ஆசாரி. ஆற்றங்கரை ஊர்களில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியாதா என்ன?

பிறகு நானே நாடா பிடித்து அளந்தேன். முகப்பு 356 சதுர அடி. மதிப்பீட்டுத் தாளில் 400. அந்த 44 சதுர அடிக்கு மட்டும் 70,400 ரூபாய். கீல்கள் மட்டும் நல்ல கீல்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை 5,76,000 கொடுத்திருக்கிறேன். மீதி 64,000 கேட்டு இன்னமும் தொலைபேசி வருகிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், நிறுவனம் அசையவில்லை. அதனால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் 200 ரூபாய்தான், இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பணத்துக்கு வங்கிச் சான்று இருக்கிறது. பலகைக்குத்தான் எதுவும் இல்லை. பழைய கதவோ, தூணோ, ஊஞ்சல் பலகையோ வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நீள அகலம் எழுதி, ஏற்றிச் செல்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் முற்றத்திலேயே இழைக்கச் சொல்லுங்கள். தூசி நாலு நாளில் போய்விடும்.

எங்கள் பத்தாயத்தில் நெல் எடுக்க அடியில் ஒரு சிறு கதவு இருந்தது. வண்டி வருவதற்கு வெகு நாள் முன்பே அம்மா அதைக் கழற்றி உப்பு ஜாடிக்கு மூடியாக்கியிருந்தாள். பின்பக்கத்தில் ‘௧’ என்று வெட்டியிருக்கிறது. எங்கள் மரம் எது என்று காட்ட அது ஒன்றுதான் மிச்சம். அடுத்த வாய்தாவுக்கு அதைக் கொண்டுபோகிறேன். அதுவரை ஜாடியை ஒரு தட்டுப் போட்டு மூடியிருக்கிறாள், அளவு சேரவில்லை என்று தினமும் முணுமுணுத்துக்கொண்டு.