சண்டையா, பட்டறையா: ஸ்கில் பொயின்ற்றை எதில் போடுவது?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன் என்ற கேமில் சண்டைத் திறனுக்கும், பொருள் செய்யும் பட்டறைத் திறனுக்கும் ஒரே பையிலிருந்துதான் பொயின்ற் போகும். கேம் உலகில் ஆங்காங்கே கிடக்கும் ஸ்கைஷார்ட் என்ற ஒளிரும் துண்டுகளில் மூன்று பொறுக்கினால் ஒன்று கிடைக்கும்.

சண்டையில் போட்டால் பலன் உடனே தெரியும். ஆனால் சேர்வர் இருப்பதோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். கொக்குவிலில் இருந்து விளையாடினால், எதிரி அடிக்கப்போகும் இடத்தைக் காட்டும் சிவப்பு வட்டம் தரையில் தெரிந்து நாம் விலக முன்னமே அடி விழுந்துவிடும்.

பட்டறைக்குப் பிங், அதாவது சேர்வருக்குப் போய்வரும் தாமதம், ஒரு பொருட்டே இல்லை. வாளில் முதல் ட்ரெயிற்றை (கூடுதல் பலன் தரும் தன்மையை) ஆராய 6 மணித்தியாலம், அடுத்தது 12, பிறகு 24 என்று இரட்டிக்கும். கேமை மூடிவிட்டு ரியூசனுக்குப் போனாலும் அது தன்பாட்டில் ஓடும். பொயின்ற் போட்டால் நேரமும் குறையும்.

அதற்காகக் கொல்லர் வேலை, தையல், தச்சு எல்லாவற்றையும் தொட்டால் பை காலி. சரி, நான் என்றால் முதலில் சண்டைக்கு, மிச்சத்தைக் கொல்லர் வேலைக்கு மட்டும்.