எச்சரிக்கை: 21 ஃப்ரெட் உள்ள ‘பிளேயர் ஸ்ட்ராட்’டுக்கு 46,000 ரூபாய்

சென்னையில் ஒரு செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தை நம்பி எங்கள் குழுவுக்காக மூன்று பொருள் ஒரே ஆளிடம் வாங்கினோம். எலெக்ட்ரிக் கிட்டார் 46,000 ரூபாய், ஓவர்டிரைவ் பெடல் (காலால் அழுத்தினால் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெட்டி) 11,500, பெடல்களுக்கான பவர் சப்ளை 5,500. மொத்தம் 63,000. மூன்றில் ஒன்றுகூடச் சொன்ன பொருள் இல்லை. பணம் போய்ச் சேர்ந்த மறுநாளே விற்றவர் எங்கள் எண்களை பிளாக் செய்துவிட்டார். புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இங்கே எழுதவில்லை. பொருள்களைத் திறந்து, அளந்து, கண்டுபிடித்ததை மட்டும் எழுதுகிறோம். இதில் பாதி விளம்பரப் படத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது. அதனால்தான் மனசு ஆறவில்லை.

கிட்டார் விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஃபெண்டர் பிளேயர் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), மேட் இன் மெக்சிகோ, சீரியல் எம்எக்ஸ்14, மின்ட் கண்டிஷன்.

இந்த ஒரு வரியே தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. மெக்சிகோ ஃபெண்டரில் எம்எக்ஸ் எழுத்துகளுக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. எம்எக்ஸ்14 என்றால் 2014. பிளேயர் சீரீஸ் சந்தைக்கு வந்ததோ 2018-ல். அதற்கு முன்னால் மெக்சிகோவில் செய்தது ஸ்டாண்டர்ட் சீரீஸ். 2014-ல் பிளேயர் ஸ்ட்ராட் என்ற பொருளே கிடையாது.

அடுத்தது ஃப்ரெட், அதாவது கிட்டாரின் நெக்கில் (கழுத்தில்) குறுக்கே பதித்த கம்பிகளின் எண்ணிக்கை. பிளேயர் ஸ்ட்ராட்டுக்கு 22 ஃப்ரெட். முழுக்க எண்ண வேண்டியதில்லை, ஃப்ரெட்போர்டின் கடைசிப் புள்ளியைப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு கம்பியோடு நெக் முடிந்தால் 21, இரண்டு கம்பி இருந்தால் 22. எங்களுக்கு வந்ததில் ஒரு கம்பிதான். பிறகு பிரிட்ஜ், அதாவது பாடியில் தந்திகள் மாட்டியிருக்கும் இடம். பிளேயர் ஸ்ட்ராட்டின் ட்ரெமோலோ (ஆட்டினால் சுரம் ஏறி இறங்கும் பிரிட்ஜ்) இரண்டு தடித்த போஸ்ட்டில் நிற்கும். இதில் பிரிட்ஜின் முன்விளிம்பில் ஆறு ஸ்க்ரூ வரிசையாக இருந்தது. போனில் படத்தைப் பெரிதாக்கினாலே இவ்வளவும் தெரியும்.

விற்பவர் இன்னும் கொஞ்சம் விவரமானவராக இருந்து ‘பிளேயர்’ என்பதற்குப் பதில் ‘ஸ்டாண்டர்ட்’ என்று போட்டிருந்தால், 21 ஃப்ரெட்டும் ஆறு ஸ்க்ரூவும் 2014-ம் சரியாகவே பொருந்தியிருக்கும். அப்போது படம் உதவாது. ஸ்கேல்தான் உதவும்.

ஒரு ஸ்டீல் ஸ்கேலை பாடியின் பக்கவாட்டில், ஸ்ட்ராப் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். மெக்சிகோ ஸ்ட்ராட்டின் தடிமன் 44 முதல் 45 மி.மீ. இருக்கும். எங்களுடையது 40. ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரில் அஃபினிட்டி வகையின் பாடி இப்படித்தான் மெலிந்திருக்கும். பின்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அடுத்த சாட்சி: ட்ரெமோலோவின் கீழே தொங்கும் உலோகக் கட்டை உயரம் குறைவு. மெல்லிய பாடியில் முழு உயரக் கட்டை பின்பக்கம் வெளியே துருத்தும் என்பதால் குட்டைக் கட்டை போடுகிறார்கள்.

பாடியின் முன்பக்க பிளாஸ்டிக் தகடான பிக்கார்டின் 11 ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தபோது மிச்சமும் வெளிவந்தது. வால்யூம், டோன் பாட்கள் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாகங்கள்) ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னவை, 16 மி.மீ. வகை. ஐந்து நிலை ஸ்விட்ச் திறந்த உலோக வகையாக இல்லாமல் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த வகை. தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்புகளைத் திருப்பினால் அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருந்தது. பிளேயர் சீரீஸில் அல்னிகோ 5 காந்தத் தண்டுகளே துருவங்களாக இருக்கும், அடியில் பட்டை ஒட்டியிருக்காது. ஸ்டாண்டர்டில் செராமிக் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். எந்த மாடல் என்று சொல்லி விற்கிறார்களோ அந்த மாடலின் விவரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஏமாற்று வேலையின் இதயம் ஹெட்ஸ்டாக்கின், அதாவது தந்தியை முறுக்கும் தலைப்பகுதியின், பின்பக்கம். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. போன் டார்ச்சை மரத்தோடு ஒட்டி, படுக்கை வாட்டில் அடித்தால், நெக் முழுதும் மெல்லிய பளபளப்பு, நடுவில் மட்டும் தீப்பெட்டி அளவுக்கு மங்கலான ஒரு செவ்வகம். பழைய ஸ்குவையர் எண்ணை உப்புத்தாள் போட்டு அழித்த இடம் அது. அதன்மேல் எம்எக்ஸ்14 என்று தொடங்கும் எண்ணை டிகாலாக (மெல்லிய ஸ்டிக்கராக) ஒட்டி, லேசாக லாக்கர் அடித்திருக்கிறார்கள். ஒரு மூலையில் டிகாலின் விளிம்பு நகத்தில் தட்டுப்பட்டது. முன்பக்க லோகோவுக்கும் அதே கதி.

சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். அந்த எண்ணில் ஒரு கிட்டார் தயாரானது என்பது மட்டும்தான் அதில் தெரியும், உங்கள் கையில் இருப்பது அந்தக் கிட்டார்தானா என்பது தெரியாது. வேறொருவர் விளம்பரப் படத்திலிருந்து எண்ணைச் சுட்டுக்கொள்வது சுலபம்.

ஸ்கேலும் எல்லா மோசடியையும் பிடித்துவிடாது. ஸ்குவையரிலேயே கிளாசிக் வைப் வகையின் பாடி நல்ல தடிமன். அதில் லோகோ மாற்றியிருந்தால் தடிமனை வைத்துச் சொல்ல முடியாது. தந்தியைத் தளர்த்தி, நான்கு ஸ்க்ரூவை எடுத்து, நெக்கின் அடிப்பகுதியிலும் அது உட்காரும் குழியிலும் உள்ள முத்திரைகளைப் பார்க்க வேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலைக்குத் தயங்குகிறவரிடம் அரை லட்சம் கொடுக்க வேண்டாம்.

அஃபினிட்டி மட்டமான கிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது நேர்மையான கிட்டார். நியாயமான செட்டப் (தந்தி உயரம், நெக் வளைவு சரிசெய்வது) செய்தால் பல வருடம் உழைக்கும். இங்கே தப்பு ஒட்டிய பெயரிலும் வாங்கிய விலையிலும் இருக்கிறது.

‘மின்ட் கண்டிஷன்’ என்ற வார்த்தைக்கும் ஒரு சோதனை உண்டு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் ஆறாவது தந்தியை அழுத்தி, 8-வது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஃபெண்டர் சொல்லும் அளவு கிட்டத்தட்ட 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்க்கலாம், குத்துமதிப்பாகத் தெரியும். அடுத்து 12-வது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம். வாசிக்க வசதியான கிட்டாரில் 2 மி.மீ. சுற்றி இருக்கும். எங்களுக்கு வந்ததில் 3.2. பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடில்களை வேண்டுமென்றே உயர்த்தியிருந்தார்கள். அதை 2-க்கு இறக்கியதும் 14-க்கு மேலே எல்லா ஃப்ரெட்டும் கரகரவென்றது. நெக் பாடியோடு சேரும் முனை மேலே எழும்பியிருந்தது. கடலோர ஈரப்பதத்தில் கவனிக்காமல் கிடந்த கிட்டார்களில் இது வரும். ட்ரஸ் ராடு (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) அந்த இடத்தை வளைக்காது. ஃப்ரெட்டுகளைச் சீவி மட்டமாக்க வேண்டும், மோசமானால் பிடுங்கி மாற்ற வேண்டும். ஆகவே ஆக்‌ஷன் (தந்தியின் உயரம்) கூடுதலாக இருக்கும் கிட்டாரை ‘செட்டப் செய்தால் சரியாகிவிடும்’ என்று சொன்னால், அங்கேயே இறக்கி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் சின்ன ஆலன் கீ ஒன்று போதும்.

பெடலுக்கு வருவோம். ஐபனீஸ் டிஎஸ்9, ‘808 மாட் செய்தது, ஒரிஜினல் ஜேஆர்சி 4558டி சிப் போட்டது’ என்று சொல்லி, மாட் செய்யாத பெடலைவிட 4,000 ரூபாய் கூடுதலாக வாங்கினார். ‘808 மாட்’ என்றால் டிஎஸ்9-ஐ அதே நிறுவனத்தின் பழைய டிஎஸ்808 மாதிரி மாற்றுவது. பெடல் நிஜ டிஎஸ்9-தான். மாட் என்பதுதான் பொய்.

டிஎஸ்808-க்கும் டிஎஸ்9-க்கும் சர்க்யூட்டில் உள்ள முக்கியமான வித்தியாசம் கடைசி அவுட்புட் பகுதியில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர். டிஎஸ்9-ல் 470 ஓம், 100 கிலோஓம். 808-ல் 100 ஓம், 10 கிலோஓம். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் இந்த இரண்டும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அடித்தட்டின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி நிறப்பட்டையைப் படித்தால் போதும். மாற்றியிருந்தால் பழுப்பு-கருப்பு-பழுப்பும் பழுப்பு-கருப்பு-ஆரஞ்சும் இருக்க வேண்டும். எங்கள் போர்டில் மஞ்சள்-ஊதா-பழுப்பும் பழுப்பு-கருப்பு-மஞ்சளும் தொழிற்சாலை சால்டரோடு அப்படியே இருந்தன. மாற்றியது சிப்பை மட்டும்.

அந்தச் சிப்பும் சந்தேகம்தான். அசிட்டோன் நனைத்த பஞ்சால் மேலே துடைத்தபோது எழுத்தோடு சேர்ந்து கருப்புப் பூச்சும் உரிந்து பஞ்சில் வந்தது. கீழே சுரண்டிய கோடுகள். ஏதோ மலிவான சிப்பைத் தேய்த்து, கருப்படித்து, புது எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல சிப்பிலும் மையெழுத்து சில சமயம் அழியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பூச்சு உரிகிறதா, அடியில் தேய்த்த தடம் தெரிகிறதா என்பதே கேள்வி. எங்கள் அபிப்பிராயம்: சிப் பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். இந்தச் சர்க்யூட்டில் சிப் மாறுவதால் காதுக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

பெடலைத் திறக்காமலே செய்யக்கூடிய ஒரு சோதனை: பேட்டரி, அடாப்டர் இரண்டையும் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். டிஎஸ்9-ம் பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்களும் பஃபர் பைபாஸ் (அணைத்திருந்தாலும் சிக்னல் உள்ளே ஒரு சர்க்யூட் வழியாகவே போகும் வகை) என்பதால் கரண்ட் இல்லாமல் சத்தம் வரவே கூடாது. வந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். ‘ட்ரூ பைபாஸ்’ (அணைத்தால் சிக்னல் நேரே கடந்து போகும் வகை) என்று சொல்லி விற்கும் சாதாரண பெடலில் இதற்கு நேர்மாறு, பைபாஸ் நிலையில் கரண்ட் இல்லாமலும் சத்தம் போக வேண்டும்.

மூன்றாவது, பவர் சப்ளை. இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம், பலருக்கு ஏமாந்ததே தெரியாது. ‘10 அவுட்புட், எல்லாம் இசோலேட்டட்’ என்று மேலேயே அச்சிட்டிருந்தது, அதாவது ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் தனித்தனி கிரவுண்டு. டிஜிட்டல் டிலேயும் (எதிரொலி தரும் பெடல்) ஓவர்டிரைவும் சேர்த்துப் போட்டதும் ஆம்பில் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு கூர்மையான சத்தம். டிலேயை அதிலிருந்து எடுத்து பேட்டரியில் போட்டால் சத்தம் இல்லை. டிஜிட்டல் பெடலுக்குள் ஓடும் கிளாக் இரைச்சல் பொதுவான கிரவுண்டு வழியாக ஓவர்டிரைவுக்குப் போகிறது, ஓவர்டிரைவ் அதைப் பல மடங்கு பெருக்குகிறது. இதைத் தடுக்கத்தான் இசோலேட்டட் சப்ளைக்குக் காசு கொடுக்கிறோம்.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். மெயின் பிளக்கை எடுத்துவிடுங்கள். பெடல் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது, ஏனென்றால் பேட்ச் கேபிளின் ஷீல்டே கிரவுண்டுகளைச் சேர்த்துவிடும். இரண்டு அவுட்புட்டில் டிசி கேபிள் சொருகி, மீட்டரை பீப் சத்தம் வரும் கன்டினியூட்டிக்கு மாற்றி, இரண்டு கேபிள் முனையின் உள்துளையையும் முள்ளால் தொடுங்கள். பெடல் சப்ளையில் நடு முனைதான் நெகட்டிவ். பீப் வந்தால் இரண்டுக்கும் ஒரே கிரவுண்டு, இசோலேஷன் இல்லை. உண்மையான இசோலேட்டட் சப்ளையில் எந்த ஜோடியைத் தொட்டாலும் பீப் வராது. எங்களுடையதில் பத்தும் பீப் அடித்தது. விலை குறைந்த பல பெட்டிகளில் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு தனித்தனியாக இருப்பதையே இசோலேஷன் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு.

500 மில்லிஆம்ப் என்று போட்டிருந்த அவுட்புட்டையும் பார்த்தோம். 22 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்தால் 9 வோல்ட்டில் சுமார் 400 மில்லிஆம்ப் இழுக்கும். 9 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 7.1-க்கு இறங்கியது. பத்து நொடிக்கு மேல் வைக்காதீர்கள், ரெசிஸ்டர் நன்றாகச் சூடாகும். பெரிய டிஜிட்டல் பெடல்கள் சில 300 மில்லிஆம்ப் கேட்கும். இப்படி வோல்ட்டேஜ் விழுந்தால் அவை நடுவில் அணைந்து அணைந்து வரும், பழி பெடல் மேல் விழும்.

நல்ல இசோலேட்டட் சப்ளைக்குக் கையில் காசு இல்லையென்றால், அனலாக் பெடல்களை ஒரு டெய்சி செயினில் (ஒரே அடாப்டரிலிருந்து பல பெடலுக்குப் பிரியும் வயர்) போட்டுவிட்டு, டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் தனியாக ஒரு ரெகுலேட்டட் 9 வோல்ட் அடாப்டர் வாங்குங்கள். பொய் லேபிள் ஒட்டிய பெட்டியைவிட அது சுத்தமாக வேலை செய்யும். நடு முனை நெகட்டிவா என்று மாட்டும் முன் மீட்டரில் பாருங்கள். ரெகுலேட் செய்யாத மலிவு அடாப்டர்கள் சுமை இல்லாதபோது 12, 13 வோல்ட் காட்டும். உள்ளே மேக்ஸ்1044 சிப் உள்ள ஓவர்டிரைவ்கள் 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய மெசேஜ்கள் மூன்றும் கையில் இருக்கட்டும். விளம்பரம் சீக்கிரம் காணாமல் போகும், அதனால் பேரம் பேசும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொய் சொல்லி விற்பது பாரதிய நியாய சன்ஹிதா 318-ன் கீழ் வரும், பழைய 420-தான் இது. விற்றவர் கடைக்காரர் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். சொந்தப் பொருளை ஒரு தடவை விற்கும் தனி ஆள் என்றால் அந்த வழி கடினம், போலீஸ்தான்.

இதே ஆளிடம் இன்னும் சரக்கு இருக்கிறது என்று நினைக்கிறோம், ஏனென்றால் பேச்சுவாக்கில் கிப்சன் நிறுவனத்தின் ‘லெஸ் பால்’ மாடல் கிட்டார் ஒன்றையும் காட்டினார். படத்தில் ஹெட்ஸ்டாக்கில் கிப்சன் என்று இருந்தது. ட்ரஸ் ராடு மூடியில் மூன்று ஸ்க்ரூ இருந்தது. கிப்சன் அந்த மூடிக்கு இரண்டுதான் போடும்.