நோட்-ரெட்டா, என்-எயிட்-என்னா? மடுவத்துக் கணக்குக்கு எது தோது?

நோட்-ரெட் (Node-RED), என்-எயிட்-என் (n8n) என்று பெட்டிகளைப் போட்டு, கோடு இழுத்து வேலை ஓட்டத்தை வரையும் மென்பொருள்கள் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து, மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுத்த கொழுந்தின் எடையைப் பதிவேட்டில் ஏற்றி, நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழக்கூடியவர்களைத் தனியாகப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

நோட்-ரெட் 2013இல் ஐபிஎம்மில் பிறந்தது. கருவிகளை இணைக்கவென்று எழுதப்பட்டது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. கோட்டின் மேல் பெட்டியைப் போட்டால் தானே நடுவில் சொருகிக்கொள்ளும். சரியாக அமைக்காத பெட்டியில் சிவப்பு முக்கோணம், இன்னும் ஏற்றாத மாற்றத்துக்கு நீலப் புள்ளி. வரையும்வரை சுகம்தான். பிழை தேடும்போதுதான் கஷ்டம். பெட்டியிலிருந்து என்ன வெளியே போனது என்று பார்க்க 'டிபக்' பெட்டி ஒன்றைத் தனியாக மாட்ட வேண்டும். காலை நிறுவையில் 18 கிலோ 1.8 ஆனது எப்படி என்று மாலையில் கேட்டால், தகவல் எப்போதோ ஓடிப்போயிருக்கும். நாமாகச் சேமித்திருந்தால்தான் உண்டு. இன்னொன்று, மாற்றங்களை ஏற்றும் 'டிப்ளாய்' பொத்தானை அழுத்தும்வரை மாற்றங்கள் பிரவுசரிலேயே கிடக்கும். மழைக்காலத்தில் கரன்ட் போகும் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

பெர்லினில் 2019இல் வெளிவந்த என்-எயிட்-என் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. பெட்டியைத் திறந்தால் இடப்பக்கம் உள்ளே வந்த தரவு, வலப்பக்கம் வெளியே போனது, நடுவில் அமைப்புகள். முன்பு ஓடிய ஓட்டங்களின் பட்டியலும் இருக்கிறது. எந்தப் பெட்டியில் தடுக்கி விழுந்தது என்று சிவப்பில் காட்டும். ஒருமுறை வந்த தரவை அப்படியே 'பின்' செய்து வைத்துச் சோதிக்கலாம். அடுத்த நிறுவை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் புதியவரைக் கவிழ்க்கும் குழி ஒன்று அதிலும் உண்டு. பெரும்பாலான பெட்டிகள் ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை வேலை செய்யும். நாற்பது பேரின் எடையை அப்படியே மின்னஞ்சல் பெட்டிக்கு விட்டால், தோட்டத்து மேலாளரான துரைக்கு நாற்பது மின்னஞ்சல் போகும். நடுவில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் பெட்டி வேண்டும். அதைத் திரையே முன்கூட்டி எச்சரித்தால் நன்றாக இருக்கும்.

உரிமம்? நோட்-ரெட்டுக்கு அப்பாச்சி 2.0 என்ற திறந்த மூல உரிமம், கட்டுப்பாடு குறைவு. என்-எயிட்-என்னைச் சொந்த அலுவலக வேலைக்குத் தாராளமாக ஓட்டலாம். அதையே சேவையாக்கி விற்பதற்குத்தான் தடை.

சரி, எது வேண்டும்? கணக்கப்பிள்ளையோ கிளார்க்கோ தொடப்போகிறார் என்றால் யோசிக்காமல் என்-எயிட்-என். கொழுந்து வாட்டும் இடத்து ஈரப்பதத்தை ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் மணிக்கணக்காக வாங்கிக்கொண்டே இருக்க நோட்-ரெட்தான் பொருத்தம். அங்கே தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருக்கு வேண்டியது ஒரு எண்ணும் ஓர் எச்சரிக்கையும்தான், கோடுகளை அவர் பார்க்கப்போவதில்லை. இரண்டும் வேண்டுமென்றால் நோட்-ரெட்டிலிருந்து வெப்ஹுக் (தரவை வாங்கிக்கொள்ளும் இணைய முகவரி) வழியாக என்-எயிட்-என்னுக்கு அனுப்பிவிடலாம்.

நோட்-ரெட்டோடுதான் இருப்பேன் என்பவர்கள் பெட்டிகளுக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள், 'காலை நிறுவை', 'அரைப்பேர் பிரிப்பு' என்று. நீளமான கோடுகளை 'லிங்க்' பெட்டிகளால் வெட்டிவிடுங்கள். பிழை பிடிக்கும் 'கேட்ச்' பெட்டியை ஒவ்வொரு தாவலிலும் தனித்தனியாகப் போடுங்கள். பக்கத்துத் தாவலில் நடக்கும் பிழை அதன் கண்ணில் படாது.