எஸ்டோனிய இளைஞர் மையத்தில் ஓராண்டுத் தொண்டு: திட்டம் எப்படி, மையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோப்பியன் சாலிடாரிட்டி கோர் திட்டத்தில் சேர்ந்து, வேறொரு நாட்டுக்குப் போய் அங்குள்ள பதின்வயதுப் பிள்ளைகளோடு ஓராண்டு வரை வேலை செய்யலாம். 1990-களில் யூரோப்பியன் வாலண்டரி சர்வீஸ் என்ற பெயரில் ஆரம்பித்த திட்டத்தின் இன்றைய வடிவம் இது. இங்கே மதிப்பிடுவது அதில் ஒரு வகையை மட்டும்: பள்ளி விட்டதும் பிள்ளைகள் இலவசமாக வந்துபோகும் எஸ்டோனியாவின் திறந்த இளைஞர் மையங்கள். பணத்திலும் காப்பீட்டிலும் திட்டம் நேர்மையானது, நம்பிப் போகலாம். ஆனால் அந்த வருஷம் உருப்படியாகக் கழியுமா என்பது போய்ச் சேரும் மையத்தைப் பொறுத்தது. அங்கே தினமும் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், அவர்கள் வரும் நேரத்தில் நீங்கள் அறையில் இருப்பீர்களா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

யாருக்கு இது கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயது 18 முதல் 30 வரை. 17 வயதிலேயே ஐரோப்பிய இளைஞர் தளத்தில் பதிந்துகொள்ளலாம். திட்டத்தில் உள்ள நாடொன்றில் சட்டப்படி வசிப்பவராக இருந்தால் போதும், அந்நாட்டுக் குடியுரிமை கட்டாயமில்லை. ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க் போன்ற நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டும் பிரான்சின் வதிவிட அட்டையும் வைத்திருப்பவர் எஸ்டோனியாவில் 90 நாளுக்கு மேல் தங்க அந்த அட்டை போதாது. எஸ்டோனியாவின் நீண்டகால விசாவோ வதிவிட அனுமதியோ தனியே எடுக்க வேண்டும். அழைக்கும் அமைப்பிடம் அதற்கான கடிதங்களைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் இப்போதைய 2021–2027 திட்டக்காலத்தில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக விண்ணப்பிக்கவும் வழியில்லை. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வர விரும்புகிறவர்கள் ஜெர்மனியின் வெல்ட்வேர்ட்ஸ் திட்டத்தில் உள்ள தெற்கு–வடக்குப் பிரிவைப் பார்க்கலாம். அதற்கு உள்ளூரில் ஒரு கூட்டாளி அமைப்பு வழியாகத்தான் போக முடியும்.

பணக் கணக்கு சுருக்கமானது. தொண்டரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. 'பதிவுக் கட்டணம்' என்று யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, காப்பீடு எல்லாம் திட்டத்தின் பொறுப்பு. பயணச் செலவு தூரத்துக்கு ஏற்ற ஒரு தொகைக்குள் அடங்க வேண்டும். நாட்டுக்கு நாடு மாறும் ஒரு கைச்செலவுப் பணம் நாள் கணக்கில் வரும். அது காபிக்கும் போன் கட்டணத்துக்கும் சரியாக இருக்கும், சேமிப்பு என்று எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வேலை வாரத்துக்கு 30 முதல் 38 மணி நேரம். மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு உண்டு. ஜெர்மனியில் இருக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை இந்தத் தொண்டுக் காலத்திலும் கிண்டர்கெல்ட் என்ற அரசின் பிள்ளை உதவித்தொகை நிற்காது. ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் புறப்படும் முன்பே சொந்த நாட்டில் வாங்கிவிடுங்கள். திட்டத்தின் காப்பீடு அதற்கு மேல் வரும் துணைக் காப்பீடுதான்.

சரி, மையம் எப்படி இருக்கும்? எஸ்டோனியச் சட்டப்படி 7 முதல் 26 வயது வரை 'இளைஞர்'. மையங்கள் பெரும்பாலும் நகராட்சியைச் சேர்ந்தவை. முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் பையைச் சுவரோரம் போட்டுவிட்டு உள்ளே வருவார்கள். பில்லியர்ட்ஸ் மேசை, டேபிள் ஃபுட்பால், ஒரு கேம் கன்சோல், பலகை விளையாட்டுகள், சோபா, சின்னச் சமையலறை. வசதியான இடமாக இருந்தால் டிரம்ஸ் வைத்த இசை அறையும் இருக்கும். மதியத்திலிருந்து இரவு ஏழு, எட்டு மணி வரை திறந்திருக்கும். வேலையின் உயிரே இந்த நேரத்தில்தான் இருக்கிறது. தொண்டரைக் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை அலுவலகத்தில் உட்கார்த்தி முகநூல் பதிவு எழுத வைக்கும் மையம் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, முதல் மாதமே பயிலரங்கு அறிவிப்பது. சுவரொட்டி ஒட்டி, நாற்காலி போட்டுக் காத்திருந்தால் இரண்டு பேர் வருவார்கள், அதில் ஒருவர் போன் சார்ஜ் போட வந்தவராக இருப்பார். காரணம் எளிது. அந்தப் பிள்ளைகள் ஆறு, ஏழு மணி நேரம் வகுப்பில் இருந்துவிட்டு வருகிறார்கள், இன்னொரு வகுப்பு அவர்களுக்கு வேண்டாம். அதோடு, மொழி தெரியாத ஒரு அந்நியர் முன்னால் ஆங்கிலத்தில் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம் 13, 14 வயதில் மிகக் கடுமையாக இருக்கும். முதல் ஆறு வாரம் எதையும் நடத்த வேண்டாம். விளையாட்டு மேசையில் இருங்கள், போதும்.

உனோ சீட்டு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நிறம், பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்கள், மொத்தம் பதினான்கு சொற்கள். சிவப்பு புனனே, மஞ்சள் கொல்லனே, பச்சை ரொஹெலினே, நீலம் சினினே. எண்கள் யுக்ஸ், கக்ஸ், கொல்ம், நெலி, வீஸ் என்று போகும். சீட்டை வைக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லை எஸ்டோனிய மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னால் எதிரே இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை திருத்தும். இதுவரை திருத்தப்படுவதற்கே பழகிய பிள்ளை இப்போது ஒரு பெரிய ஆளைத் திருத்துகிறது. ஒரு வாரம் இப்படி ஆடினால், அதே பிள்ளை உங்களிடம் ஆங்கிலத்தில் தப்பாகப் பேசவும் கூச்சப்படாது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மொழியில் ஒரு அனுகூலம் உண்டு. எஸ்டோனிய மொழி ஒலியின் நீளத்தில் மூன்று அளவு பார்க்கிறது: குறில், நெடில், அளபெடை என்று நாம் படித்ததுபோல. 'லின' என்றால் ஆளிச்செடி, 'லின்ன' என்றால் நகரத்தின், அதையே இன்னும் அழுத்தி நீட்டினால் நகரத்துக்குள். மற்ற மொழிக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பிடிபடாத இந்த வேறுபாடு, 'படு', 'பட்டு' என்று பிரித்துக் கேட்டுப் பழகிய காதுக்குச் சீக்கிரம் எட்டும். வேற்றுமைகள் பதினான்கு என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். எட்டு வேற்றுமையைப் பள்ளியில் ஒப்பித்தவர்களுக்கு, சொல்லின் வாலில் உருபு ஒட்டும் பழக்கம் புதிதில்லை.

நார்வா, சில்லமேயே போன்ற கிழக்கு நகரங்களுக்குப் போகிறவர்கள் வேறு மாதிரி தயாராக வேண்டும். நார்வாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். மையத்தில் கேட்கும் மொழியும் ரஷ்யன்தான். 2024 செப்டம்பரிலிருந்து பள்ளிகள் முதலாம், நான்காம் வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாக எஸ்டோனிய மொழிக்கு மாறிவருகின்றன, அந்த இழுபறி வீடுகளிலும் இருக்கிறது. இங்கே நீங்கள் இரண்டு தரப்புக்கும் வெளியாள். அது நல்ல இடம், காப்பாற்றிக்கொள்ளுங்கள். எந்த மொழி உசத்தி என்று பிள்ளைகள் கேட்டால் தீர்ப்புச் சொல்லாமல், அவர்களையே பேச விட்டுக் கேட்பதுதான் சரி. தாய்மொழிப் பேச்சில் எவ்வளவு மனக்காயம் இருக்க முடியும் என்பதைத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'உங்கள் நாட்டு மாலை' ஒன்று நடத்தச் சொல்லி எல்லா மையமும் கேட்கும். படம் காட்டிப் பேசாதீர்கள், சமையலறைக்குப் போங்கள். தோசை நன்றாகப் போகும், ஆனால் திட்டமிட வேண்டும். மையத்தில் இருக்கும் சின்ன மிக்சியில் உளுந்து அரைபடாது, மாவாகவே கொண்டுபோங்கள். பன்னிரண்டு பேருக்கு 600 கிராம் அரிசி மாவு, 200 கிராம் உளுத்தமாவு, வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் ஒன்றேகால் லிட்டர். ஐந்து லிட்டர் பாத்திரத்தில் கரைத்து வையுங்கள். குளிர்காலத்தில் அறை 20 டிகிரிதான் இருக்கும். நம் ஊர்போல எட்டு மணி நேரத்தில் பொங்காது, ஒரு நாள் முழுதும் ஆகும். ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் சீக்கிரம் புளிக்கும். நான்ஸ்டிக் தவா அதிகம் சூடானால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். சூட்டைக் குறைத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். காரச் சட்னியோடு ஜாமும் வையுங்கள், அவர்கள் ஊர் பான்கேக்கான பன்கோக்குக்கு அதுதான் துணை. யாருக்கு என்ன ஒவ்வாமை என்று முதல் நாளே ஊழியரிடம் கேட்டுவிட வேண்டும். அடுப்பருகே ஒரே நேரத்தில் நால்வருக்கு மேல் வேண்டாம். முகத்துக்கு நேர் பேசத் தயங்கும் பிள்ளை, பக்கத்தில் நின்று தோசையைத் திருப்பிக்கொண்டே வீட்டு விஷயம் பேசும். அன்று மாலை கிடைப்பதில் மதிப்பானது அதுதான்.

அப்படிப் பேசும்போது சில நேரம் கனமான விஷயமும் வரும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. எஸ்டோனியாவில் 2016-இல் நடைமுறைக்கு வந்த குழந்தைப் பாதுகாப்புச் சட்டப்படி, உதவி தேவைப்படும் குழந்தையைப் பற்றித் தெரிந்தவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அன்றே மைய ஊழியரிடம் சொல்லுங்கள். 116 111 என்ற குழந்தை உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளையோடு தனியே இருக்க வேண்டாம், இரவில் தனிச்செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டாம், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் படம் எடுத்துப் போட வேண்டாம். இவற்றை முதல் நாளே எழுத்தில் தரும் மையம் நல்ல மையம்.

திட்டத்தின் பலவீனம் வழிகாட்டி என்ற பொறுப்பில் தெரிகிறது. மென்ட்டர் என்று ஒருவர் கட்டாயம் உண்டு. அவர் மையத்துக்கு வெளியே இருப்பவராக இருந்தால்தான் மையத்தைப் பற்றிய குறையை அவரிடம் சொல்ல முடியும். சிறிய ஊர்களில் மேலாளரே மென்ட்டராகவும் இருந்துவிடுவார், சச்சரவு வந்தால் போக இடமிருக்காது. இன்னொன்று, சம்பள ஊழியர் இடத்தைத் தொண்டரை வைத்து நிரப்பக் கூடாது என்ற விதி. அது மீறப்படுவதை ஒரே அடையாளத்தில் கண்டுகொள்ளலாம்: சாவியை உங்களிடம் கொடுத்து மாலையில் தனியாகப் பூட்டச் சொல்வது. அப்படி நடந்தால் முதலில் மென்ட்டரிடம், பிறகு உங்களை அனுப்பிய அமைப்பிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

ஆகவே காணொளி நேர்காணலில் நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். நேற்று எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்? பெரும்பாலும் என்ன வயது? மூடும் நேரத்தில் என்னோடு யார் இருப்பார்கள்? மென்ட்டர் எங்கே வேலை செய்கிறார்? தனி அறையா? சாப்பாட்டுப் பணம் மாதத்தின் எந்தத் தேதியில் வரும்? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? முந்தைய தொண்டரோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அதற்கு மழுப்பினால் அதுவே பதில். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உள்ளவர்கள் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முகவரியைப் பதிந்து, பிறகு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்படிப் பதியும்போது கிடைக்கும் 11 இலக்கத் தனிநபர் எண் இல்லாமல் அங்கே பல வேலை நகராது. தாலின் நகரில் முகவரி பதிந்தவர்களுக்கு 2013 முதல் நகரப் பேருந்தும் டிராமும் இலவசம்.

காலத்தைப் பொறுத்தவரை, இரண்டு மாதத்துக்கும் போகலாம் என்றாலும் இந்த வேலைக்கு அது பத்தாது. இங்கே பழக்கம் மெல்லத்தான் ஒட்டும். ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் எடுங்கள், செப்டம்பரில் தொடங்கி மறு ஆகஸ்டில் முடிப்பது மிகச் சிறப்பு. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான். சட்டையில் தொங்கும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை இருட்டில் சாலையோரம் நடக்கக் கட்டாயம், வைட்டமின் டி மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இருட்டு மாதங்களில் அறையில் உங்களோடு உட்கார்ந்திருந்த அதே பிள்ளைகள்தான் ஜூனில் பள்ளி முடிந்ததும் மாலெவ் என்ற கோடைப் பணிக்குழுவில் சேர்ந்து, களை பிடுங்கியும் பூங்காவைச் சுத்தம் செய்தும் முதல் சம்பளம் வாங்குவார்கள். அந்தக் குழுவோடு போக நீங்கள் அப்போது அங்கே இருக்க வேண்டும். ஜனவரியில் வந்து ஜூனில் கிளம்பும் ஆறு மாத இடங்களை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான்.